பேங்க் ஷாட்

பேங்க் ஷாட் என்பது பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசை ஆட்டங்களில், இலக்குப் பந்து மேசையின் ஓரத் தடுப்பில் மோதித் திரும்பிய பின் பைக்குள் விழுமாறு அடிக்கப்படும் அடியாகும். இந்த ஓரத் தடுப்பு குஷன் எனப்படும். பந்து ஒரு குஷனில் மட்டும் மோதலாம். இரண்டு அல்லது மூன்று குஷன்களில் அடுத்தடுத்து மோதியும் பையை அடையலாம். ஒளிக்கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைப் போலவே பந்தும் திரும்பும் என்பது இவ்வடியின் அடிப்படை விதியாகும். ஆயினும் பந்து ஒளிக்கதிர் அன்று. வேகம், சுழற்சி, துணியின் நிலை, ரப்பரின் நெகிழ்ச்சி ஆகியவற்றால் அது திரும்பும் கோணம் மாறுகிறது. கண்ணாடி விதியைக் கொண்டு இலக்கைக் கணித்தல், பின்னர் அந்தக் கணிப்பைத் திருத்துதல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே பேங்க் ஷாட் பயிற்சி.

தமிழ்நாட்டில் கேரம் எனப்படும் சுண்டாட்டம் பரவலாக ஆடப்படுவதால், பில்லியர்ட்ஸ் மேசையைக் காணாதவர்களுக்கும் இதே அடியின் வேறொரு வடிவம் பழக்கமானதாகவே உள்ளது.

சொற்பொருள்

ஆங்கிலத்தில் பேங்க் என்னும் சொல்லுக்கு வங்கி என்றும் ஆற்றங்கரை என்றும் பொருள் உண்டு. இங்குக் குறிக்கப்படுவது இரண்டாவது பொருளாகும். பழைய பில்லியர்ட்ஸ் மேசைகளில் பந்து கீழே விழாமல் தடுக்க ஓரங்களில் எழுப்பப்பட்டிருந்த சுவர்கள் ஆற்றின் கரைகளைப் போல் தோன்றியதால் இப்பெயர் வந்தது எனக் கூறுவர். எனவே இதனை "வங்கி அடி" என மொழிபெயர்ப்பது பிழையாகும். கரையில் மோதித் திரும்பும் அடி என்பதே இதன் பொருள்.

ஸ்னூக்கர், ஆங்கில பில்லியர்ட்ஸ் ஆகியவற்றை ஆடுவோர் இதனை டபுள் என்பர். பந்து மூன்று குஷன்களில் மோதி நடுப்பையில் விழுமாறு அடிப்பதற்குக் காக்ட் ஹாட் டபுள் என்று பெயர். கேரம் ஆட்டத்தில் இவ்வகை அடி ரீபவுண்ட் எனப்படுகிறது.

வகைகள்

குஷனில் மோதும் பந்து எது என்பதைப் பொறுத்து இவ்வடிகள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன.

1. பேங்க் ஷாட்: கோலால் அடிக்கப்பட்ட வெண்பந்து நேராகச் சென்று இலக்குப் பந்தைத் தாக்கும். இலக்குப் பந்து குஷனில் மோதித் திரும்பிப் பையை நோக்கிச் செல்லும்.

2. கிக் ஷாட்: வெண்பந்து முதலில் குஷனில் மோதித் திரும்பி, அதன் பின்னரே இலக்குப் பந்தைத் தாக்கும்.

வடிவியல் நோக்கில் இரண்டும் ஒன்றே. ஆனால் கிக் ஷாட்டில் வெண்பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் ஆடுபவர் கோல் நுனியால் நேரடியாகக் கட்டுப்படுத்த முடியும். பேங்க் ஷாட்டில் இலக்குப் பந்தின் இயக்கம் வெண்பந்தின் மோதல் வழியாகவே அமைகிறது. ஆகவே கட்டுப்பாடு குறைவு. பிழைக்கு இடம் அதிகம்.

இவ்வடியின் தேவை

பேங்க் ஷாட் வேடிக்கைக்காக அடிக்கப்படும் அடி என்ற எண்ணம் புதியவர்களிடம் உண்டு. உண்மையில் நேர்வழி அடைபட்டிருக்கும்போது அல்லது ஆட்ட விதி நேர்வழியைத் தடுக்கும்போது, குஷன் வழியே மட்டுமே ஆட்டத்தைத் தொடர முடியும்.

ஆங்கில பில்லியர்ட்ஸில் மேசையின் ஒரு முனையில் கோடு ஒன்றால் பிரிக்கப்பட்ட பகுதி பால்க் எனப்படும். வெண்பந்து பைக்குள் விழுந்த பின் அதனைக் கையால் எடுத்து வைத்து மீண்டும் ஆடுபவர், பால்க் பகுதிக்குள் உள்ள பந்தை நேராகத் தாக்கக் கூடாது. வெண்பந்து கோட்டைத் தாண்டி வெளியே சென்று குஷனிலோ வேறு பந்திலோ மோதித் திரும்பிய பின்னரே அதனைத் தாக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பிற பந்துகளைப் பால்க் பகுதிக்குள் ஒளித்துவைத்து எதிராளியை இந்நிலைக்குத் தள்ளுவர்.

ஸ்னூக்கரில் ஆட வேண்டிய பந்தை வேறொரு பந்து மறைத்து நிற்கும் நிலைக்கே ஸ்னூக்கர் என்று பெயர். அதிலிருந்து தப்பப் பெரும்பாலும் கிக் ஷாட்டே வழியாகும். ஆட வேண்டிய பந்தைத் தொடத் தவறினால் எதிராளிக்கு 4 முதல் 7 புள்ளிகள் வரை கிடைக்கும். அது மட்டுமன்றி, நடுவர் அதனை மிஸ் என அறிவித்தால், பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் அடிக்குமாறு எதிராளி கேட்கலாம். குஷன் கோணங்களை அறியாதவர் ஒரே நிலையில் திரும்பத் திரும்பத் தவறிப் பல புள்ளிகளை இழக்க நேரிடும்.

வரலாறு

தொடக்க கால மேசைகளின் ஓரங்களில் பஞ்சு, துணி, கம்பளி மயிர் போன்றவை அடைக்கப்பட்டிருந்தன. இவற்றில் மோதிய பந்து வலுவிழந்து சீரற்ற கோணத்தில் திரும்பியது. இலண்டனைச் சேர்ந்த மேசை தயாரிப்பாளரான ஜான் தர்ஸ்டன் 1826 இல் பலகைக்கு மாற்றாகக் கற்பலகைத் தளத்தையும், 1835 இல் ரப்பர் குஷனையும் அறிமுகப்படுத்தினார். முதலில் வந்த ரப்பர் குளிர்காலத்தில் இறுகியது. வெந்நீர்த் தட்டுகளை வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட ரப்பர் 1840களில் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே ஒரே வகையான அடிக்கு ஒரே வகையான திருப்பம் கிடைக்கலாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலின் நுனியில் தோல் பொருத்தும் வழக்கம் பரவியது. இதனால் பந்தின் நடுவிலிருந்து விலகி அடித்துச் சுழற்சி தருவது எளிதாயிற்று. பிரான்சு நாட்டுப் பொறியியலாளரும் கணிதவியலாளருமான கோரியோலி, பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து 1835 இல் ஒரு நூல் வெளியிட்டார். சுழலும் தளங்களில் தோன்றும் கோரியோலி விளைவு இவர் பெயரால் வழங்குவதே.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலப் படை அதிகாரியான நெவில் சேம்பர்லின், 1875 இல் ஜபல்பூரில் பல நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிய ஆட்டத்திலிருந்து ஸ்னூக்கர் உருவானது. பின்னர் அவர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியான பிரெடரிக் ராபர்ட்ஸின் அலுவலராக உதகமண்டலத்துக்கு வந்தார். 1882 இல் உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. நேர்வழியை மறைத்து எதிராளியைக் குஷன் வழியே செல்லவைப்பதை ஆட்டத்தின் மையமாகக் கொண்ட விளையாட்டு, நீலகிரி மலையில் விதிவடிவம் பெற்றது எனலாம்.

இந்தியர்களில் வில்சன் ஜோன்ஸ் 1958 இலும் 1964 இலும் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வாகையரானார். அவருக்குப் பின் மைக்கேல் பெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி முதலியோர் உலகப் பட்டங்களை வென்றனர்.

கண்ணாடி விதி

சமதளக் கண்ணாடியில் படும் ஒளிக்கதிரின் படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பது பள்ளிப் பாடங்களில் உள்ள விதி. பந்துக்கும் இதனை முதற்கணிப்பாகக் கொள்ளலாம். குஷனை ஒரு கண்ணாடியாகக் கருதி, பையின் பிம்பம் குஷனுக்கு அப்பால் அதே தொலைவில் இருப்பதாக எண்ண வேண்டும். இலக்குப் பந்தை அந்தப் பிம்பத்தை நோக்கி நேராகச் செலுத்தினால், அது குஷனில் மோதி உண்மையான பையை நோக்கித் திரும்பும்.

இதைக் கணக்கிடுவதும் எளிது. பந்து குஷனிலிருந்து 40 செ.மீ. தொலைவிலும், பை அதே குஷனிலிருந்து 120 செ.மீ. தொலைவிலும் உள்ளன எனக் கொள்வோம். பந்திலிருந்தும் பையிலிருந்தும் குஷனுக்குச் செங்குத்துக் கோடுகள் வரைந்தால், அக்கோடுகளுக்கு இடையே 80 செ.மீ. தொலைவு உள்ளது எனவும் கொள்வோம். 80 செ.மீ. ஐ 40 : 120, அதாவது 1 : 3 என்ற விகிதத்தில் பிரித்தால் 20 செ.மீ., 60 செ.மீ. என்று கிடைக்கும். ஆகவே பந்துக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து பையின் திசையில் 20 செ.மீ. தள்ளி மோத வேண்டும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குஷனைத் தொடுவது பந்தின் விளிம்பேயன்றி அதன் மையம் அன்று. பந்தின் மையம் குஷனிலிருந்து ஓர் ஆரம் தள்ளியே திரும்புகிறது. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. ஆகவே கண்ணாடிக் கோட்டைக் குஷனின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 2.9 செ.மீ. அல்லது 2.6 செ.மீ. உள்ளே வரைந்துகொண்டு அளக்க வேண்டும். மேற்கண்ட தொலைவுகள் அக்கோட்டிலிருந்து அளக்கப்பட்டவை.

பூல் மேசையின் மரச்சட்டத்தில் பதிக்கப்பட்டுள்ள டைமண்ட் எனப்படும் குறிகள் இக்கணக்கை எளிதாக்குகின்றன. இவை நீளப் பக்கத்தை 8 சம பாகங்களாகவும் அகலப் பக்கத்தை 4 சம பாகங்களாகவும் பிரிக்கின்றன. மூலைப் பையிலிருந்து 4 குறிகள் தள்ளி நீளக் குஷனை ஒட்டியுள்ள பந்தை, எதிர்க்குஷனில் 2ஆம் குறிக்கு எதிரே மோதச் செய்தால் அது அந்த மூலைப் பைக்குத் திரும்பும். 3 குறிகள் தள்ளியிருந்தால் ஒன்றரைக் குறியில் மோத வேண்டும். தொலைவில் பாதி என்பதே இம்முறை. ஸ்னூக்கர் மேசையில் இத்தகைய குறிகள் இல்லை. அங்கு நடுப்பைகளையும் பந்துகளை வைக்கும் புள்ளிகளையும் கொண்டே கண்ணால் அளக்க வேண்டும்.

விதியிலிருந்து விலகல்

கண்ணாடி விதி முழுமையாகப் பொருந்த வேண்டுமானால் பந்து ஆற்றல் எதையும் இழக்காமலும் சுழலாமலும் இருக்க வேண்டும். நடைமுறையில் இவை இரண்டும் நிகழ்வதில்லை. விலகலுக்கான முக்கியக் காரணங்கள் பின்வருமாறு:

குஷனின் இழப்பு: மோதலின்போது குஷனுக்குச் செங்குத்தான வேகமும், குஷனை ஒட்டிய திசையிலான வேகமும் வெவ்வேறு அளவில் குறைகின்றன. எடுத்துக்காட்டாக, முன் கூறிய அடியில் செங்குத்து வேகம் பத்தில் எட்டாகவும், மற்றது பத்தில் ஒன்பதாகவும் குறைந்தன எனக் கொள்வோம். அப்போது பந்து 60 செ.மீ. க்குப் பதிலாக 67.5 செ.மீ. நகர்ந்து எதிர்ப்பக்கத்தை அடையும். விலகல் 7.5 செ.மீ. ஆகும், இது பந்தின் விட்டத்தைவிட அதிகம். கணக்கில் பிழையின்றியும் அடி தவறிவிடும்.

உருளல்: மெதுவாக அடிக்கப்பட்ட பந்து குஷனை அடைவதற்குள் துணியின் உராய்வால் முழுமையாக உருளத் தொடங்கிவிடும். மோதித் திரும்பிய பின்னரும் அந்த உருளலில் ஒரு பகுதி சிறிது நேரம் எஞ்சி நின்று பந்தைக் குஷன் பக்கமாக இழுக்க முயல்கிறது. இதனால் பாதை சற்று வளைந்து, கண்ணாடி விதி காட்டுவதைவிட அகன்ற கோணத்தில் செல்கிறது.

வேகம்: வன்மையாக அடிக்கப்பட்ட பந்து உருளத் தொடங்காமல் சறுக்கியபடியே குஷனை அடையும், ரப்பரை ஆழமாக அழுத்தவும் செய்யும். அது குறுகிய கோணத்தில் திரும்புகிறது. ஒரே புள்ளியை நோக்கி மெதுவாகவும் வேகமாகவும் அடித்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்.

பக்கச் சுழற்சி: பந்து திரும்பிச் செல்ல வேண்டிய திசைக்குத் துணையாகச் சுழன்றால் கோணம் விரியும், எதிராகச் சுழன்றால் குறுகும். கிக் ஷாட்டில் இதனை வேண்டுமென்றே பயன்படுத்துவர். பேங்க் ஷாட்டில் வெண்பந்து இலக்குப் பந்தைச் சாய்வாகத் தாக்கும்போது அவற்றுக்கு இடையிலான உராய்வால் இலக்குப் பந்துக்குச் சிறிதளவு பக்கச் சுழற்சி தானாகவே கிடைக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குஷனில் பட்டதும் வெளிப்படுகிறது.

மேசையின் நிலை: புதிய துணியில் பந்து நீண்ட தூரம் சறுக்கும், பழைய துணியில் விரைவில் உருளத் தொடங்கும். காற்றின் ஈரமும் துணியின் தன்மையை மாற்றும். பைகளற்ற மேசையில் ஆடப்படும் மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில், இரண்டாவது பந்தைத் தொடுவதற்கு முன் வெண்பந்து குறைந்தது மூன்று முறை குஷனில் மோத வேண்டும். அதன் பெரும்போட்டிகளில், துணி ஈரமின்றி ஒரே சீராக இருப்பதற்காகக் கற்பலகையைச் சூடேற்றுவர்.

பேங்க் ஷாட்டில் பிழைக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதையும் மேற்கண்ட எடுத்துக்காட்டிலேயே காணலாம். பந்து செல்லும் மொத்தப் பாதை ஏறத்தாழ 179 செ.மீ. தொடக்கத் திசையில் 1 பாகை தவறினால் பாதையின் இறுதியில் ஏறத்தாழ 3 செ.மீ. விலகல் ஏற்படும். பூல் மேசையின் நடுப்பை ஏறத்தாழ 13 செ.மீ. அகலமுடையது. பந்தின் விட்டத்தைக் கழித்தால் இரு புறமும் மிஞ்சும் இடம் 4 செ.மீ. க்கும் குறைவே. பந்து சாய்வாக வரும்போது அதுவும் சுருங்கும்.

பயிலும் முறை

விலகலுக்குக் காரணங்கள் பல என்பதால், பயில்பவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறிவதே முறையாகும். வழக்கமான பயிற்சி வரிசை பின்வருமாறு:

1. நேர் அடி: வெண்பந்தை மேசையின் நீளவாக்கில் நடுக்கோட்டின் வழியே அடித்து, எதிர்க்குஷனில் மோதி மீண்டும் கோல் நுனிக்கே வருமாறு செய்தல். ஸ்னூக்கர் மேசையில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகளுக்கான புள்ளிகள் ஒரே கோட்டில் இருப்பதால் இப்பயிற்சி எளிது. நேராகக் குறிபார்த்தும் பந்து வலப்புறமோ இடப்புறமோ விலகித் திரும்பினால், அடிப்பவர் அறியாமலே பக்கச் சுழற்சி தருகிறார் என்று பொருள். இப்பிழை நீங்காமல் மேலே செல்வதால் பயனில்லை.

2. ஒரே வேகம்: வெண்பந்தை மட்டும் கொண்டு ஒரு குஷன் கிக் ஷாட்களை நடுத்தர வேகத்தில் அடித்தல். கண்ணாடி விதிப்படி எங்கு வர வேண்டும், உண்மையில் எங்கு வந்தது என்பதை ஒப்பிட வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த மேசையின் திருத்த அளவாகும்.

3. நடுப்பை டபுள்: இலக்குப் பந்தை ஒரே இடத்தில் வைத்து, எதிர்க்குஷனில் மோதி நடுப்பைக்கு வருமாறு அதே வேகத்தில் பலமுறை அடித்தல். இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்தால் துணி கெடும். சிறிய காகித வட்டம் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

4. வேக மாற்றம்: அதே அடியை மெதுவாகவும் வேகமாகவும் அடித்து, கோணம் விரிவதையும் குறுகுவதையும் அறிதல்.

5. சுழற்சி: மேற்கண்டவை கைவந்த பின்னரே பக்கச் சுழற்சியைச் சேர்த்தல்.

தவறிய அடிகளைக் குறித்துவைப்பது பயன் தரும். பத்து அடிகள் பையின் இரு புறமும் சிதறித் தவறினால் கோலின் இயக்கத்தில் பிழை உள்ளது. பத்தும் ஒரே புறமாகத் தவறினால் கை சரியாக உள்ளது; திருத்த அளவே தவறு. முதல் வகைப் பிழையைக் குறியை மாற்றிச் சரிசெய்ய முடியாது. இரண்டாம் வகைப் பிழையைக் குறியை மாற்றினாலே சரிசெய்துவிடலாம். புதியவர்கள் பலர் இவ்வேறுபாட்டை அறியாமல் ஒவ்வொரு தவறுக்கும் குறியை மாற்றுவதால் முன்னேற்றம் தடைப்படுகிறது.

பொதுவான பிழைகள்

இரட்டை மோதல்: இலக்குப் பந்து குஷனுக்கு மிக அருகில் இருக்க, வெண்பந்து அதனை ஏறக்குறைய நேராகத் தாக்கினால், திரும்பிவரும் இலக்குப் பந்து விலகாமல் நிற்கும் வெண்பந்திலேயே மீண்டும் மோதும். அடிப்பதற்கு முன் இரு பந்துகளின் பாதைகளும் குறுக்கிடுகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

குறிகளைக் குழப்புதல்: டைமண்ட் குறிகள் மரச்சட்டத்தில் உள்ளன, பந்து மோதுவதோ ரப்பரின் விளிம்பில். குறியையே நோக்கி அடிப்பதும், குறிக்கு எதிரே உள்ள விளிம்பை நோக்கி அடிப்பதும் வெவ்வேறு இடங்களில் முடியும். எந்த முறையைக் கொண்டாலும் அதனையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும்.

மிகை வேகம்: பந்து பையை அடையாதோ என்ற ஐயத்தால் தேவைக்கு மேல் வன்மையாக அடிப்பது. கோணம் குறுகுவதுடன், பையின் வாயில் பட்ட பந்து உள்ளே விழாமல் துள்ளி வெளியேறும்.

கேரம் ஆட்டத்துடன் ஒப்பீடு

கேரம் பலகையின் ஆடுதளம் ஏறத்தாழ 74 செ.மீ. பக்கமுள்ள சதுரம். இதனைச் சுற்றிக் கடின மரச்சட்டம் உண்டு. 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு ஆகிய 19 காய்களை, ஸ்ட்ரைக்கர் எனப்படும் வில்லையை விரலால் சுண்டி நான்கு மூலைக் குழிகளில் வீழ்த்த வேண்டும். வீடுகளில் ஆடுவோர் பலர் பின்பற்றும் வழக்கப்படி, ஆடுபவரின் கோட்டுக்குப் பின்னால் உள்ள காயை ஸ்ட்ரைக்கரால் நேராக அடிக்கக் கூடாது. எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்பியே அடிக்க வேண்டும். இது ஆங்கில பில்லியர்ட்ஸின் பால்க் விதியை ஒத்தது. இவ்வழக்கத்தால் கேரம் ஆடும் சிறுவர்கள் கண்ணாடி விதியைப் பாடநூலில் படிக்கும் முன்பே கைப்பழக்கமாக அறிந்துகொள்கின்றனர்.

இப்பழக்கம் பில்லியர்ட்ஸ் பயில்பவருக்கு ஓரளவு உதவும். மோத வேண்டிய புள்ளியைக் கண்ணால் அளக்கும் திறன் அப்படியே பயன்படும். ஆனால் கேரம் காய் தட்டையானது. அது உருளுவதில்லை, சறுக்குகிறது. சட்டத்தில் மோதிய பின் அதன் பாதை வளைவதில்லை. பில்லியர்ட்ஸ் பந்தோ உருளலாலும் சுழற்சியாலும் மோதிய பின்னும் பாதையை மாற்றிக்கொள்கிறது. எனவே கேரம் ஆடிப் பழகியவர் மேசையில் மெதுவாக அடிக்கும்போது, பந்து தாம் எதிர்பார்த்ததைவிட அகன்று செல்வதைக் காண்பார். கண் சரியாக இருந்தும் அடி தவறுவதன் காரணம் இதுவே.

தமிழ்நாடு கேரம் ஆட்டத்தில் முன்னணியில் உள்ளது. பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988 இல் சென்னையில் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991 இலும் 1995 இலும் உலக வாகையரானார். 1996 ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008 இல் பிரான்சின் கான் நகரில் நடைபெற்ற போட்டியில் மகளிர் உலகப் பட்டம் வென்றார். 2024 இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா தனிநபர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார்.

மதுரையும் சுற்றுப்புறமும்

முழு அளவு ஸ்னூக்கர் மேசையின் ஆடுதளம் 3.57 மீட்டர் நீளமும் 1.78 மீட்டர் அகலமும் கொண்டது. கற்பலகையுடன் அதன் எடை ஒரு டன்னுக்கும் மேலாகும். அதனை நிறுவ உறுதியான தரையும் பெரிய அறையும் வேண்டும். ஆகவே மதுரை போன்ற நகரங்களில் இம்மேசைகள் பெரும்பாலும் கிளப்புகளிலும் கட்டணம் பெறும் ஆட்டக்கூடங்களிலும் மட்டுமே காணப்படுகின்றன. சுற்றியுள்ள வைகைச் சமவெளியின் சிற்றூர்களில் இவை அரிது. அதற்கு மாறாகக் கேரம் பலகை வீடுகளிலும் மன்றங்களிலும் தெருவோர விளக்குகளின் கீழும் இடம்பெறுகிறது. இப்பகுதி இளைஞர் ஒருவர் மோதித் திரும்பும் அடியை முதலில் கற்பது பெரும்பாலும் கேரம் பலகையிலேயே.

இப்பகுதியின் தட்பவெப்பமும் ஆட்டத்தைப் பாதிக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் வறண்ட வெப்பம் மிகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் காற்றில் ஈரம் கூடும். மழைக்காலத்தில் கேரம் பலகையின் ஒட்டுப்பலகை ஈரத்தை உறிஞ்சும். தூவிய போரிக் பவுடர் கட்டிபட்டுக் காய்கள் தடைப்படும். குளிர்சாதன வசதியற்ற அறையில் உள்ள பில்லியர்ட்ஸ் மேசையின் துணியும் அப்போது கனத்துப்போகும். கோடையில் பழகிய திருத்த அளவு மழைக்காலத்தில் பொருந்தாமல் போவதுண்டு. இதனால் அனுபவமுள்ளவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் ஒன்றிரண்டு பந்துகளைக் குஷனில் மோதவிட்டு அன்றைய மேசையின் தன்மையை அறிந்துகொள்வர்.

மேசை கிடைக்காத மாணவர்களும் இதன் அடிப்படையைச் சோதித்துப் பார்க்கலாம். கேரம் பலகையின் சட்டத்தை ஒட்டி ஒரு சிறு கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் குழியின் பிம்பத்தை நோக்கிக் குறிவைத்து, பின்னர் கண்ணாடியை அகற்றிவிட்டு அதே திசையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும். அது குழிக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதைப் பத்து முறை அளந்தால் கண்ணாடி விதியையும் அதன் விலகலையும் ஒருசேரக் காணலாம்.

ஆட்ட விதிகளில் பேங்க் ஷாட்

பூல் ஆட்டங்களில் பந்தையும் பையையும் முன்னறிவிக்க வேண்டிய வகைகள் உண்டு. அவற்றில் நேரான அடிகளுக்கு அறிவிப்புத் தேவையில்லை என விடப்பட்டாலும், பேங்க் ஷாட்டை முன்னறிவித்தே ஆட வேண்டும். தற்செயலாகக் குஷனில் மோதிப் பைக்குள் விழுந்த பந்து கணக்கில் சேராது. ஸ்னூக்கரில் பையை முன்னறிவிக்கும் கட்டாயம் இல்லை. ஆடத்தக்க பந்து எந்த வழியே சென்று விழுந்தாலும் புள்ளி உண்டு. பேங்க் பூல் எனப்படும் ஆட்டத்தில் குஷனில் மோதிய பின் விழும் பந்துகளுக்கு மட்டுமே புள்ளி தரப்படும். நேராக வீழ்த்தப்பட்ட பந்து மீண்டும் மேசையில் வைக்கப்படும்.